பாக்கெட் பிறந்த கதை: டொனால்ட் டேவிஸின் ஊர்கள் வழியாக

புதன், ட்ரியார்க்கி

கார்டிஃப் சென்ட்ரலில் ட்ரீஹெர்பர்ட் போகும் ரயிலைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் ட்ரியார்க்கி வந்துவிடும். பாண்டிப்ரித் தாண்டியதுமே பள்ளத்தாக்கு ஒடுங்க ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் மலை, கீழே ரோந்தா ஆறு, ஆற்றை ஒட்டித் தண்டவாளம், சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். இந்த வீடுகளில் பெரும்பாலானவை நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி எழுந்தவை. ரோந்தாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. இப்போது மலை முழுக்கப் பச்சை.

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். ரூட்டரும் ஸ்விட்சும்தான் என் சோறு. அக்கா குடும்பம் கார்டிஃபில் இருக்கிறது. அவர்களைப் பார்க்க வந்த விடுமுறையில் ஐந்து நாளை இதற்கென்று எடுத்து வைத்தேன். ஊர் சுற்றிக் காட்டத் தயாராக இருந்த அத்தானிடம் ட்ரியார்க்கி என்றதும், "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டார். டொனால்ட் டேவிஸ் பிறந்த ஊர் என்றேன். தகவலைப் பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாக வெட்டிக் கணினிகளுக்கிடையே அனுப்பும் முறையை, இன்றைய இணையம் ஓடும் முறையை, யோசித்தவர்களில் ஒருவர். பல வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கும் அவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. இணையத்தின் கதையைச் சொல்கிறவர்கள் அமெரிக்காவில் தொடங்கி அமெரிக்காவிலேயே முடித்துவிடுகிறார்கள்.

டொனால்ட் வாட்ஸ் டேவிஸ் இங்கே பிறந்தது 1924 ஜூன் 7 அன்று. கூடவே ஓர் இரட்டைச் சகோதரி. அப்பா சுரங்க அலுவலகத்தில் எழுத்தர். குழந்தைகள் பிறந்த சில மாதங்களில் அவர் இறந்துபோக, அம்மா இரண்டு கைக்குழந்தைகளோடு தன் ஊரான போர்ட்ஸ்மவுத்துக்குத் திரும்பிவிட்டார். ஆக, டேவிஸுக்கு இந்த ஊர் நினைவில் இருந்திருக்க வழியில்லை. ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. 2013 ஜூலையில் அவர் பெயரில் இங்கே ஒரு நீலத் தகடு திறந்துவைத்தார்கள்.

பெரிய தெருவில் நடந்தோம். கசாப்புக்கடை, பேக்கரி, பூக்கடை, காபிக்கடை என எல்லாம் உள்ளூர்க்காரர்களுடையவை. பிரிட்டனின் சிறந்த கடைத்தெரு என்று பரிசு வாங்கிய தெரு இது. கொஞ்சம் தள்ளி பார்க் அண்ட் டேர் அரங்கம். பார்க், டேர் என்ற இரண்டு சுரங்கங்களின் தொழிலாளர்கள் வாங்கிய கூலியில் பவுண்டுக்கு ஒரு பென்னி எடுத்து வைத்துக் கட்டியது. 1892இல் நூலகமும் படிப்பகமுமாகத் தொடங்கி, 1913இல் நாடக அரங்கமும் சேர்ந்தது. நாள் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்தவர்கள் தங்கள் காசில் நூலகம் கட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

வியாழன், போர்ட்ஸ்மவுத்

கார்டிஃபிலிருந்து போர்ட்ஸ்மவுத் துறைமுகம் வரை நேரடி ரயில் இருக்கிறது. பிரிஸ்டல், பாத், சால்ஸ்பரி, சவுத்தாம்டன் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல். உட்கார இடம் கிடைத்தால் நல்ல பயணம்.

டேவிஸ் படித்து வளர்ந்தது இங்கேதான். கப்பற்படை ஊர், போரில் கடுமையாகக் குண்டு வாங்கிய ஊர். அவர் நடமாடிய இடம் என்று கைகாட்ட எனக்கு எதுவும் அகப்படவில்லை. துறைமுகத்தில் நெல்சனின் விக்டரி கப்பலைப் பார்த்தேன், கடலோரம் மீனும் சிப்ஸும் சாப்பிட்டேன், சாயங்காலம் லண்டன் ரயில் ஏறிவிட்டேன். உபகாரச் சம்பளத்தை நம்பி மேலே வந்த பையன் இதே பாதையில்தான் லண்டனுக்குப் போயிருப்பான் என்று தோன்றியது.

வெள்ளி, லண்டன்

சவுத் கென்சிங்டனில் இம்பீரியல் கல்லூரியும் அறிவியல் அருங்காட்சியகமும் பக்கத்துப் பக்கத்தில். டேவிஸ் இம்பீரியலில் இரண்டு முறை படித்தார். 1943இல் இயற்பியல் பட்டம். உடனே போர்க்கால வேலை: பர்மிங்காமில் அணுகுண்டு ஆராய்ச்சியில் கிளவுஸ் ஃபூக்ஸ் என்பவருக்கு உதவியாளர். சோவியத் உளவாளி என்று பின்னாளில் பிடிபட்டாரே, அதே ஃபூக்ஸ். போர் முடிந்ததும் திரும்பி வந்து 1947இல் கணிதத்தில் முதல் வகுப்பு. அந்த வருஷமே டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், அதாவது என்.பி.எல்.லில், ஆலன் டூரிங்கின் கணினிக் குழுவில் சேர்ந்தார்.

அங்கே நடந்த ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும். டூரிங்கின் 1936ஆம் வருஷத்துக் கட்டுரை கணினி அறிவியலின் வேர். எந்தக் கணக்கையும் செய்யவல்ல பொது எந்திரம் ஒன்றை அதில் அவர் காகிதத்திலேயே கட்டிக் காட்டியிருந்தார். புதிதாகச் சேர்ந்த டேவிஸ் அந்தக் கட்டுரையை வரிவரியாகப் பின்தொடர்ந்து பார்த்து, எந்திரத்தின் விதிகளில் பிழைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். டூரிங்கிடமே போய்ச் சொன்னார். டூரிங் எரிச்சல்பட்டார். அடிப்படைக் கருத்துக்கு அந்தப் பிழைகளால் ஒரு குறையும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பெரியவர் எழுதியது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகாமல், எந்திரம் ஓடுமா என்று ஓட்டிப் பார்த்தாரே, அந்தக் குணம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

அந்தக் குழு கட்டிய பைலட் ஏஸ் கணினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1950 மே 10 அன்று முதல் நிரலை ஓட்டியது. வால்வுகள், கம்பிகள், தகடுகள் எல்லாம் வெளியே தெரிய ஒரு பெரிய இரும்புச் சட்டம். பாதரசக் குழாய்க்குள் தகவல் ஒலி அலையாகச் சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதன் நினைவகம். துடிப்பு வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ். பார்வையாளர்கள் அதைக் கடந்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு நகர மனமில்லை.

மதியம் ஃபிட்ஸ்ரோவியா பக்கம் பி.டி. கோபுரம் பார்க்கப் போனேன். கட்டியபோது அதன் பெயர் போஸ்ட் ஆபீஸ் கோபுரம். 1965 அக்டோபரில் செயல்பாட்டுக்கு வந்தது, அப்போது லண்டனிலேயே உயரமான கட்டடம். அடுத்த மாதம் டெடிங்டனில் டேவிஸ் மனதில் பாக்கெட் யோசனை பிறந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இங்கே வந்தேன். அந்தக் காலத்தில் பிரிட்டனில் தொலைபேசி என்றால் தபால்துறைதான். வேறு யாரும் நாடு தழுவிய கம்பியும் இழுக்க முடியாது, சேவையும் நடத்த முடியாது. டேவிஸ் எத்தனை நல்ல திட்டம் போட்டாலும் போய்த் தட்ட வேண்டிய கதவு இது ஒன்றே. பேச்சுக்கு வடிவமைத்த தொலைபேசி முறை அவர்களுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கணினிக்கென்று தனி வலை எதற்கு என்ற தயக்கம். அந்தத் துறை பாக்கெட் முறையில் ஒரு சோதனைச் சேவையைத் தொடங்கியபோது வருஷம் 1977 ஆகிவிட்டது. அதற்குள் இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட் வலை எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. (இந்தக் கோபுரத்தை ஹோட்டலாக மாற்றப் போவதாக 2024இல் அறிவித்தார்கள். விலை 27.5 கோடி பவுண்டு.)

கோபுரத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கோவர் தெருவில் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன். கதையில் சற்று முன்னால் போகிறேன், இடம் பக்கத்திலேயே இருப்பதால். ஆர்பாநெட்டைப் பிரிட்டனோடு இணைக்க அமெரிக்கர்கள் நினைத்தபோது அவர்கள் முதலில் மனதில் வைத்தது என்.பி.எல்.லைத்தான். ஆனால் பிரிட்டன் அப்போது ஐரோப்பியச் சமூகத்தில் சேரப் பேசிக்கொண்டிருந்த நேரம். அரசு ஆய்வகம் ஒன்று அமெரிக்க வலையில் போய்ச் சேர்ந்தால் ஐரோப்பியர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை. வாய்ப்பு இந்தக் கல்லூரியில் இருந்த பீட்டர் கெர்ஸ்டைனுக்குப் போனது. அவருக்கோ பணம் கிடைக்கவில்லை. தன் பொறுப்பில் இருந்த நிதியிலிருந்து 5,000 பவுண்டு எடுத்துக் கொடுத்துத் தொடங்கி வைத்தவர் டேவிஸ். 1973இல் இணைப்பு வந்தது. தனக்குக் கிடைத்திருக்க வேண்டியதை இன்னொருவர் செய்து முடிக்கத் தன் பொறுப்பில் இருந்த பணத்தையே கொடுத்திருக்கிறார். அவருடைய தொழில்நுட்பச் சாதனைகளுக்கு இணையாக இதையும் நான் வைப்பேன்.

சனி, டெடிங்டன்

வாட்டர்லூவிலிருந்து புறநகர் ரயில். டெடிங்டன் அமைதியான ஊர்: தேம்ஸ் ஆறு, ஆற்றில் மதகு, பழைய செங்கல் வீடுகள். புஷி பூங்காவின் ஓரத்தில் என்.பி.எல். நிற்கிறது. உள்ளே நினைத்தபடி நுழைய முடியாது. எப்போதாவது பொதுமக்களுக்காகத் திறந்துவிடும் நாளில்தான் போகலாம். வெளியிலிருந்து வேலியை ஒட்டிச் சுற்றி வந்தேன். பூங்காவில் மான்கள் மனிதர்களைச் சட்டை செய்யாமல் மேய்கின்றன. உலகின் முதல் துல்லியமான சீசியம் அணுக் கடிகாரம் 1955இல் ஓடத் தொடங்கியதும் இதே வளாகத்தில்தான்.

ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, வழியில் வாங்கிய சாண்ட்விச்சைத் தின்றபடி இதை எழுதுகிறேன். இன்று கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1965இல் டேவிஸ் அமெரிக்கா போய் வந்தார். அங்கே பெரிய கணினி ஒன்றைப் பலர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு டெர்மினலில் (தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு பேசும் தட்டச்சுக் கருவி) இருந்து பயன்படுத்தும் முறை பரவத் தொடங்கியிருந்தது. பார்த்தவருக்கு ஒரு பொருத்தமின்மை கண்ணில் பட்டது. டெர்மினல் முன்னால் உட்கார்ந்த மனிதர் ஒரு வரி தட்டுவார், யோசிப்பார், மறுபடி தட்டுவார். பதில் ஒரு நொடியில் பாய்ந்து வரும், அப்புறம் மறுபடி மௌனம். ஆனால் தொலைபேசி இணைப்பு அந்த மௌனம் முழுக்கத் திறந்தே கிடக்க வேண்டும். கம்பி பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும், காசு மட்டும் ஓடும்.

தந்தி உலகில் இதற்கு ஒரு மாற்று ஏற்கெனவே இருந்தது. செய்தியை முழுசாக வாங்கி வைத்து, வழி கிடைக்கும்போது அடுத்த நிலையத்துக்கு அனுப்புவது. ஆனால் ஒற்றைவழிப் பாலத்தில் கரும்பு லாரி ஏறிவிட்டால் பின்னால் வந்த சைக்கிள்காரர் லாரி இறங்கும்வரை நிற்க வேண்டுமே, அந்த நிலைதான் இதிலும். நீளமான கோப்பு ஒன்று போய்க்கொண்டிருந்தால் ஒரே வரியைக் கேட்டவர் காத்திருக்க வேண்டும். டேவிஸ் சொன்ன தீர்வு, லாரிச் சரக்கைப் பிரித்துவிடு என்பது. எவ்வளவு பெரிய செய்தியானாலும் 1024 பிட் அளவுச் சின்னத் துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் போய்ச் சேர வேண்டிய முகவரியை ஒட்டு. துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கம்பியில் போகட்டும், அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். துண்டுக்கு அவர் வைத்த பெயர்தான் பாக்கெட். என் வேலையில் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற பெயர்.

1965 டிசம்பர் 15 தேதியிட்ட குறிப்பில் நாடு முழுவதற்கும் இப்படி ஒரு சேவை வேண்டும் என்று எழுதினார். 1966 மார்ச்சில் இந்த வளாகத்தில் பலர் முன்னால் இதைப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த பாதுகாப்பு அமைச்சக அதிகாரி ஒருவர் பேச்சு முடிந்ததும் வந்து, அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் பால் பரான் கிட்டத்தட்ட இதையே எழுதியிருப்பதாகச் சொன்னார். பரானுடைய கவலை வேறு. அணுகுண்டு விழுந்தாலும் ராணுவத் தகவல் தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்பது அவர் தொடங்கிய இடம். டேவிஸ் தொடங்கியது டெர்மினல் முன்னால் காத்திருக்கும் சாதாரண மனிதரிடம். 1966 ஜூன் மாதத் திட்ட அறிக்கையில் அவர் அடுக்கும் பயன்களைப் பாருங்கள்: தூரத்துக் கணினியில் கணக்குப் போடுவது, கடையில் பில் போடுவது, தரவுத்தளத்தில் தேடுவது, எந்திரங்களைத் தொலைவிலிருந்து இயக்குவது, பந்தயம் கட்டுவதுகூட! இன்று கைப்பேசியில் நாம் செய்வதில் பாதி அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. இணையம் அணு ஆயுதப் போருக்காகப் பிறந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்கள் இந்த ஒரு பட்டியலைப் படித்தால் போதும்.

இன்னொன்றும் அந்த அறிக்கையில் இருக்கிறது. நெட்வொர்க் வேலையைப் பெரிய கணினிகளின் தலையில் கட்டாமல், நடுவே தனிச் சின்னக் கணினிகளை வைத்துப் பாக்கெட்டுகளை வாங்கி அனுப்பச் செய்யலாம் என்பது. ரூட்டர் என்று இன்று நான் ரேக்கில் மாட்டும் பெட்டிகளின் வேலைதான்.

1967 அக்டோபரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் காட்லின்பர்க் என்ற மலையூரில் ஒரு கருத்தரங்கு. என்.பி.எல். கட்டுரையை ரோஜர் ஸ்கான்டில்பரி வாசித்தார். அதே மேடையில் ஆர்பாநெட் திட்டத்தை லாரி ராபர்ட்ஸ் அறிமுகப்படுத்தினார். ராபர்ட்ஸின் திட்டத்தில் அப்போது பாக்கெட் விவரம் தெளிவாக இல்லை, கம்பியின் வேகமும் குறைவு. ஸ்கான்டில்பரிதான் அவரிடம் பரானைப் பற்றிச் சொன்னார், வேகமான கம்பி வேண்டும் என்றும் வாதாடினார். நொடிக்கு 2.4 கிலோபிட் என்று நினைத்திருந்த இடத்தில் ஆர்பாநெட் 50 கிலோபிட்டுக்குப் போனது. அதே 1967இல் ஸ்கான்டில்பரியும் கீத் பார்ட்லெட்டும் எழுதிய உள்குறிப்பு ஒன்றில்தான், கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு ப்ரோட்டோகால் என்ற பெயர் முதன்முதலாக வந்தது.

நாடு முழுவதும் கட்ட வழியில்லாததால் டேவிஸ் இந்த வேலிக்குள்ளேயே கட்டிக் காட்டினார். ஹனிவெல் 516 கணினியை நடுவில் வைத்து மார்க் 1 நெட்வொர்க், 1970இல் ஓட்டத்துக்கு வந்தது. ஆர்பாநெட்டும் அதே 516ஐத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. 1973இல் மார்க் 2. 1976 வாக்கில் 12 கணினிகளும் 75 டெர்மினல்களும் அதில் இணைந்திருந்தன. 1986 வரை ஓடியது. இங்கே வேலை பார்த்தவர்கள் அதில் ஆவணம் எழுதினார்கள், திருத்தினார்கள், ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினார்கள்.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று மீதியிருக்கிறது. பாக்கெட்டுகள் அளவுக்கு மீறிக் குவிந்தால் நெட்வொர்க் முழுசாக நின்றுபோகும். டேவிஸ் இதை 1970களின் தொடக்கத்திலேயே யோசித்தார். நெட்வொர்க்குக்குள் ஒரு நேரத்தில் இத்தனை பாக்கெட்தான் என்று எண்ணிக்கையை வரையறுத்துவிடு, அத்தனை அனுமதிகளை மட்டும் உள்ளே சுற்றவிடு, அனுமதி கையில் கிடைத்தால்தான் புதுப் பாக்கெட் உள்ளே வரலாம். நாடளாவிய நெட்வொர்க் கட்டப் பணம் இல்லை என்பதால் அவருடைய ஆட்கள் இதைக் கணினியில் பாவனை செய்தே சோதித்தார்கள். அந்தக் குறிப்பிட்ட முறை பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் 1986 அக்டோபரில் பெர்க்லி பக்கம் இணையம் நெரிசலில் திணறி, 32 கிலோபிட் வேகம் வெறும் 40 பிட்டாக விழுந்ததே, அந்த ஆபத்தைப் பத்து வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே கணக்கில் எடுத்தவர் அவர். நெரிசலில் மாட்டிய இணைப்போடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற என் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

வெயில் சாய்ந்ததும் ஹாம்டன் வரை நடந்தேன். ஹை ஸ்ட்ரீட்டில் டூரிங் குடியிருந்த ஐவி ஹவுஸ். சுவரில் தகடு: 1945 முதல் 1947 வரை.

ஞாயிறு, பிளெட்ச்லி

யூஸ்டனிலிருந்து ரயில். போரில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்த இடம் இது. எல்லாரும் பிளெட்ச்லி பார்க் மாளிகைக்குத் திரும்ப, நான் அதே வளாகத்தில் ஹெச் பிளாக்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்துக்குப் போனேன். இது தனி நிறுவனம், தனி டிக்கெட். போர்க்காலத்தில் சங்கேதம் உடைக்க உதவிய கொலோசஸ் எந்திரத்தை மறுபடி கட்டியிருக்கிறார்கள், அது காகித நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தது. 1951இல் பிறந்த ஹார்வெல் டெக்கட்ரான் கணினி இன்றும் கணக்குப் போடுகிறது. என்.பி.எல். நெட்வொர்க்கின் கதையையும் இங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கூட்டம் கொலோசஸ் முன்னால்தான்.

டேவிஸுக்கும் இந்த இடத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1970களின் பின்பாதியிலேயே அவர் தகவல் பாதுகாப்புப் பக்கம் திரும்பிவிட்டார். 1984இல் ஓய்வு பெற்ற பிறகு வங்கிகளுக்கு ஆலோசனை சொன்னார். 1987இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். மீதி நேரத்தில் போர்க்கால ஜெர்மானியச் சங்கேத எந்திரங்களை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்: சீமென்ஸ் டி52, இங்கே முறியடிக்கப்பட்ட லாரன்ஸ். ஜெர்மானியச் சங்கேதத்தை உடைக்க டூரிங் வடிவமைத்த பாம்ப் எந்திரத்தைப் பற்றியும் எழுதினார். அதைப் பற்றி எழுதியபோது அவருக்கு வயது 75ஐ நெருங்கியிருந்தது. அந்த எந்திரத்தின் மறு உருவாக்கமும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

2000 மே 28 அன்று ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தபோது இறந்தார். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் இதழில் அவருடைய கட்டுரை ஒன்று வெளிவந்தது. பாக்கெட் முறை எங்கே, யாரிடம் தொடங்கியது என்று பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கும் கட்டுரை அது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் லெனார்ட் கிளெய்ன்ராக் செய்த கணித ஆராய்ச்சியில்தான் பாக்கெட்டின் வேர் இருக்கிறது என்ற உரிமைகோரலை அதில் டேவிஸ் ஏற்கவில்லை. அந்த ஆராய்ச்சி முழுச் செய்திகளின் வரிசையைப் பற்றியது, செய்தியைத் துண்டாக்குவது அதில் இல்லை என்பது அவர் வாதம். கிளெய்ன்ராக் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பரான் முந்தியவர் என்பதில் மட்டும் டேவிஸுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

நான் படித்த அளவில் டேவிஸ் சொல்வதுதான் சரி. எழுதியதில் பரான் முந்தினார், சாதாரண மக்களுக்கான சேவையாக அதை வடிவமைத்தது டேவிஸ், பெரிய அளவில் கட்டியது அமெரிக்கர்கள். 2012இல் இணையப் புகழரங்கத்தின் முதல் வரிசையில் பரான், டேவிஸ், கிளெய்ன்ராக் மூவர் பெயரையும் சேர்த்தார்கள். என் கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நெட்வொர்க் வரலாறு என்று ஒரு மணி நேர வகுப்பு எடுப்பேன். ஆர்பாநெட் படத்தோடுதான் இதுவரை தொடங்கியிருக்கிறேன். அடுத்த வகுப்பில் அதற்கு முன்னால் 1966 ஜூன் அறிக்கையின் அந்தப் பட்டியல் வரும்.